கட்டும்போது பேசாதே

வண்டி கட்டிக்கொண்டிருப்பவனிடம் பேசக்கூடாது. வடக்கேயிருந்து வயசானவர்கள் வீட்டு வண்டியோடு வந்து குளிர்காலத்தைக் கழிக்கிற அரிசோனா பாலைவனத்து அந்த கேம்பில் இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் வாசலில் எழுதி ஒட்டியிருந்த பதினேழு விதிகளையும்விட இதற்குத்தான் மரியாதை அதிகம். நாயைக் கயிறில்லாமல் விட்டால் முணுமுணுப்பார்கள். விடிகிற நேரத்தில் ஜெனரேட்டரைப் போட்டால் திட்டுவார்கள். தன் வீட்டு வண்டிக்குப் பின்னால் காரை மாட்டிக்கொண்டிருக்கிறவன் பக்கத்தில் போய் "என்னப்பா, கிளம்பியாச்சா?" என்று கேட்டுவிட்டாலோ, கேட்டவனை அடுத்த குளிர்காலம் வரைக்கும் மூதேவியைப் பார்க்கிற மாதிரிதான் பார்ப்பார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. நாற்பதடி நீளத்துக்கு ஒரு வீட்டையே ஓட்டிக்கொண்டு பால் வாங்கக் கடைக்குப் போக முடியுமா? அதனால் ஆளாளுக்கு ஒரு சின்னக் காரைப் பின்னால் இழுத்துக்கொண்டு அலைகிறார்கள். வீட்டு வண்டியின் பின்புறத்திலிருந்து இழுவைக் கம்பி இரண்டு கைகளை நீட்டிக் காரின் மூஞ்சியைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு கையிலும் கோத்துப் பூட்ட ஒரு இரும்புப் பின். அந்தப் பின் நழுவாமலிருக்க அதன் முனையில் விரலளவு ஒரு கிளிப். அதற்கப்புறம் காப்புக்கு இரண்டு இரும்பு வடம், விளக்குக்கு ஒரு வயர், கார் அறுத்துக்கொண்டு போனால் தானாக பிரேக் பிடிக்க இன்னொரு வயர். இதில் எதை மறந்தாலும் முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. அவ்வளவு பெரிய வண்டிக்குப் பின்னால் கார் வருகிறதா இல்லையா என்பதே உறைக்காது. ஆகவே கட்டும்போது கவனம் சிதறக்கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

வெர்னனுக்கு இதெல்லாம் தலைகீழாகத் தெரியும். எழுபத்து மூன்று வயது, தெற்கு டகோட்டாக்காரன், முப்பது வருஷம் சோள லாரி ஓட்டியவன். அவனும் அவன் மனைவி லாவோனும் பதினோரு குளிர்காலம் அந்த கேம்புக்கு வந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் லாவோன் போய்ச் சேர்ந்துவிட்டாள். அன்றிலிருந்து வெர்னனின் வீட்டு வண்டி போட்ட இடத்தைவிட்டு ஒரு அங்குலம் நகரவில்லை. டயருக்கடியில் பல்லிகள் குடும்பம் நடத்தின.

பக்கத்து இடம் டுவெய்னுடையது. அவனும் டகோட்டாக்காரன்தான், ஆனால் மூக்குக்கு மேல் கோபம். அவன் மனைவி ஆர்டித் அப்படியே நேர்மாறு. லாவோன் போன நாளிலிருந்து, குளிர்காலம் முழுக்க வியாழக்கிழமை தவறாமல், சூரை மீனும் நூடுல்ஸும் சீஸும் போட்டு வேகவைத்த கண்ணாடிப் பாத்திரம் ஒன்று வெர்னன் வாசலுக்கு வந்துவிடும். "வெர்னன், பாத்திரத்தைக் கழுவித் தரணும். போன வாரம் ஓரத்துல ஒட்டியிருந்ததை நான்தான் சுரண்டினேன்" என்பாள். அவள் திட்டுகிற அழகுக்காகவே வெர்னன் பாத்திரத்தை அரைகுறையாகக் கழுவிக் கொடுப்பான். அவனோடு பேசுவதற்கு உலகத்தில் மிச்சமிருந்த ஆள் அவள் ஒருத்திதான் என்றால் மிகையில்லை.

குளிர்காலம் முடிந்து எல்லாரும் வடக்கே கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது ஒரு சண்டை வந்தது. டுவெய்ன் டயர் மாற்ற ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். காரை மாட்டிக்கொண்டிருந்தபோது, வெர்னன் ஏதோ ஞாபகத்தில் போய், "டுவெய்ன், உன்கிட்ட அரை அங்குல ஸ்பேனர் இருக்கா?" என்று கேட்டுவிட்டான். தப்புதான். ஆனால் அதற்காக இப்படியா?

டுவெய்ன் நிமிராமலே உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினான். போலீஸ்காரன் லாரியை நிறுத்துகிற மாதிரி. அப்புறம் எழுந்து நின்று கத்தினான். "கட்டும்போது பேசாதேன்னு எத்தனை தடவைய்யா சொல்றது? உன்னால ஒருநாள் நான் எவனையாவது சாகடிக்கப் போறேன். உன் பொண்டாட்டி இருந்தவரைக்கும் உன் வாய்க்கு ஒரு மூடி இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல!"

அங்கே ஐந்து மடக்கு நாற்காலியில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்தவன் வண்டி கட்டுவதை வேடிக்கை பார்ப்பதுதானே கேம்பில் பொழுதுபோக்கு. அந்த ஐந்து பேரில் மூன்று பேர் சிரித்தார்கள். வெர்னன் திரும்பி நடந்தான். உடம்பெல்லாம் எரிந்தது. லாவோன் பேரை எடுக்க இவன் யார்? அன்றிலிருந்து டுவெய்ன் முகத்தைப் பார்ப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்துவிட்டான்.

சிரித்தவர்களுக்கு டுவெய்னைப் பற்றியும் ஒரு சிரிப்புக் கதை உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் காரின் ஹேண்ட்பிரேக்கை எடுக்க மறந்து, அறுபது மைல் தரதரவென்று இழுத்துக்கொண்டே போய்விட்டான் மனுஷன். பின்சக்கரம் இரண்டும் புகைந்து, தீயணைப்பு வண்டி வரவேண்டியதாகிவிட்டது. அன்றைக்கே டுவெய்ன் ஹேண்ட்பிரேக் மேல் சிவப்பு டேப்பை ஏழு சுற்றுச் சுற்றி, "இனி இதைத் தொட்டவன் கையை உடைப்பேன்" என்று ஆர்டித்திடம் சொல்லிவிட்டான். அதன்பின் அந்தக் காருக்கு ஹேண்ட்பிரேக் என்று ஒன்று இல்லை. கட்டி இழுக்கும்போது நாலு சக்கரமும் தானாகச் சுற்றுவதற்காக, கியருக்குக் கீழே இருக்கிற ஒரு குமிழை நியூட்ரலுக்குத் திருப்பி வைப்பார்கள். அதைத் திரும்ப மாற்றாதவரை, கியரை பார்க்கிங்கில் போட்டாலும் கார் நிற்காது, உருளும். கேம்ப் தரை பலகை மாதிரி சமதரை என்பதால் அங்கே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

மார்ச் கடைசி வாரம் வெயில் ஏறத் தொடங்கியதும் எல்லாரும் வடக்கே கிளம்பினார்கள். டுவெய்னும் ஆர்டித்தும் கிளம்பிய காலையில் வெர்னன் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மடியில் ஆர்டித்தின் கண்ணாடிப் பாத்திரம். இந்தமுறை நன்றாகவே கழுவியிருந்தான். அவள் கையில் கொடுத்து, பத்திரமாகப் போய்வா என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஆனால் டுவெய்ன் கட்டிக்கொண்டிருந்தான். முடிக்கட்டும் என்று காத்திருந்தான்.

டுவெய்ன் வலதுபக்கப் பின்னைப் போட்டான், கிளிப்பை மாட்டினான். இடதுபக்கப் பின்னைப் போட்டான். கிளிப்பைக் கையில் எடுத்தான். சரியாக அந்த நேரம் பார்த்து, புதிதாக வந்திருந்த புருஷனும் பெண்டாட்டியும் ஒரு நாய்க்குட்டியோடு அந்தப் பக்கம் வந்தார்கள். "போய்ட்டு வாங்க, நல்லபடியா போங்க!" என்றாள் அந்தப் பெண். பாவம், அவளுக்கு விதி தெரியாது.

உள்ளங்கை உயர்ந்தது. "கட்டிட்டு இருக்கேன், கண்ணு தெரியலையா? எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க? கட்டும்போது பேசக்கூடாதுன்னு யாரும் சொல்லித் தரலையா?" அவர்களை மரத்தடி வரைக்கும் விரட்டிக்கொண்டே போனான் டுவெய்ன். போகிற வழியில் கையிலிருந்த கிளிப்பை மர மேசையின் ஓரத்தில் வைத்தான். திட்டி முடித்துவிட்டு வந்து, நேராக வடங்களை மாட்ட உட்கார்ந்துவிட்டான்.

வெர்னன் பார்த்தான். வெயில் பட்டு மேசைமேல் அந்தக் கிளிப் மின்னியது. அவனுக்கும் அதற்கும் பத்தடிகூட இல்லை.

வாய் திறந்தது. மூடிக்கொண்டது. உள்ளே ஏதோ ஒன்று இனிப்பாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். அடேயப்பா, என் வாய்க்கு மூடி இல்லையா? இப்போது பார், எப்படி மூடியிருக்கிறேன். நீயே தேடு. கடைசியில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பாயே, அப்போது முழி. எல்லாரும் பார்க்க அந்த மேசைக்கு நடந்து வா. ஐந்து நாற்காலியும் சிரிக்கட்டும்.

ஆனால் டுவெய்ன் கடைசிச் சுற்றுச் சுற்றவில்லை. நாய்க்குட்டிக்காரர்கள்மேல் இருந்த கோபம் அவனுக்கு ஆறவில்லை. நேராகப் போய் ஓட்டுகிற சீட்டில் ஏறினான். ஆர்டித் காருக்குப் பின்னால் நின்று விளக்குகளை மட்டும் பார்த்தாள். இடது, வலது, பிரேக். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். அப்புறம் வெர்னன் பக்கம் திரும்பி, மடியிலிருந்த பாத்திரத்தைப் பார்த்துச் சிரித்தாள். "வெச்சுக்கோ! அக்டோபர்ல வந்து வாங்கிக்கறேன்! ஒழுங்கா சாப்பிடு, கேட்டியா?" என்றாள்.

"சரி" என்றான் வெர்னன். சரி என்று சொல்லத் திறந்த வாய்க்கு இன்னும் நாலு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. வண்டி கிளம்பிப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டது.

புழுதி அடங்கியபிறகு மேசைக்குப் போனான். கிளிப் அங்கேயே இருந்தது. ஒருவேளை உபரிக் கிளிப்பாக இருக்கும் என்று தனக்கே சொல்லிப் பார்த்தான். உள்ளே போய் காபி போட்டான். கால் டம்ளர் குடித்துவிட்டு மீதியைக் கீழே கொட்டினான். கிளிப் இல்லாத அந்தப் பின் எவ்வளவு நேரம் தாங்கும்? நல்ல சாலையில் முப்பது மைல், நாற்பது மைல். அதற்கப்புறம் கழுதை மேடு வரும். ஒன்பது மைலுக்கு ஒரேயடியாக ஏற்றம், ஒரு பக்கம் பள்ளம். அங்கே காரின் முழுப் பாரமும் அந்த இரண்டு பின்னில்தான் தொங்கும்.

ஆர்டித்துக்கு போன் போட்டான். அந்தச் சாலையில் சிக்னல் என்ன வாழ்கிறது? போகவில்லை. மறுபடி போட்டான். போகவில்லை. டுவெய்னுக்கும் போட்டான், வைராக்கியத்தைத் தூக்கிக் குப்பையில் எறிந்துவிட்டு. அதுவும் போகவில்லை. கிளிப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என்ன நினைப்பிலோ பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு தன் பழைய பிக்கப் டிரக்கில் ஏறினான். அவர்கள் போய் இருபது நிமிஷம் ஆகியிருந்தது.

பிக்கப் அந்த வேகத்துக்குப் பழக்கப்பட்டதல்ல, அதை ஓட்டியவனும் அல்ல. ஸ்டியரிங் கையில் நடுங்கியது. வழியெல்லாம் வெர்னன் வாய்விட்டுப் பேசிக்கொண்டே போனான். "பாவி, பத்தடிதானே இருந்துச்சு. எடுத்து நீட்டியிருந்தா போதுமே, பேசக்கூட வேணாமே. பேசக்கூடாதுன்னுதானே விதி, நீட்டக்கூடாதுன்னு எவன் சொன்னான்?" இந்த எண்ணம் இப்போதுதான் வந்தது. வந்த வேகத்தில் கண்ணில் தண்ணீர் முட்டியது.

சாலையோரத்தில் கவிழ்ந்த வண்டி எதுவும் இல்லை. ஒவ்வொரு மைல் கல்லைத் தாண்டும்போதும் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆர்டித்துக்கு முன்னால் பின்பக்க கேமராவின் சின்னத் திரை இருக்கிறது, அவள் அதைப் பார்த்துக்கொண்டேதான் வருவாள், கார் கோணினால் உடனே சொல்லிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டான். கெட்டிக்காரி. அவளுக்கு ஒன்றும் ஆகாது.

அவன் நினைத்தது அப்படியே நடந்திருந்தது. கழுதை மேட்டின் மூன்றாவது வளைவைத் தாண்டியதும் அவர்கள் தெரிந்தார்கள். வீட்டு வண்டி மேட்டில் ஓரமாக நின்றுகொண்டிருந்தது. இடதுபக்கப் பின் கழன்று, கார் ஒற்றைக் கையில் கோணலாகத் தொங்கியது. அவ்வளவுதான். கார் தப்பித்தது, வண்டி தப்பித்தது, இருவரும் உயிரோடு ரோட்டில் நிற்கிறார்கள். "அப்பாடா, பிழைச்சேன்" என்று வெர்னன் சத்தம் போட்டே சொன்னான். முப்பது நாற்பது தப்படி கீழேயே பிக்கப்பை நிறுத்திவிட்டு இறங்கினான்.

இறங்கியபிறகுதான் கண் எல்லாவற்றையும் பார்த்தது.

டுவெய்ன் காருக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, கையில் சுத்தியலோடு, இறுகிப்போன வலதுபக்கப் பின்னைத் தட்டிக்கொண்டிருந்தான். கோணலாக நிற்கிற காரை நேராக்கி மறுபடி மாட்டவேண்டும், அதற்கு முதலில் கழற்றவேண்டும். கேம்பில் பதினைந்து வருஷமாக எந்த வரிசையில் கழற்றுவானோ அதே வரிசையில் கழற்றியிருந்தான். முதலில் விளக்கு வயர், அப்புறம் பிரேக் வயர், அப்புறம் வடங்கள் இரண்டும். எல்லாம் சுருட்டி ஓரமாக வைக்கப்பட்டிருந்தன. கை பழகிய வரிசைக்கு மேடு தெரியுமா, பள்ளம் தெரியுமா? ஒன்றரை டன் கார், அந்த ஒற்றைப் பின்னில் மலைமேல் நின்றுகொண்டிருந்தது. கியரை ஆர்டித் பார்க்கிங்கில் போட்டிருப்பாள், எப்போதும் போடுவாள். கீழே இருக்கிற குமிழை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், அது எப்போதும் கடைசி வேலை. ஹேண்ட்பிரேக்கோ ஏழு சுற்று டேப்புக்குள் கிடந்தது.

ஆர்டித் காருக்குப் பின்னால் குனிந்து, ஒரு கல்லைப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல் சின்னது. அவள் அதைக் காலால் தள்ளித் தள்ளிச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"டுவெய்ன்!" என்று கத்தினான் வெர்னன். "நிறுத்து! அடிக்காதே! பின்னால ஆர்டித் இருக்கா!"

காற்றில் அது எவ்வளவு கேட்டதோ தெரியாது. யாரோ கூப்பிடுகிறார்கள் என்பது மட்டும் கேட்டிருக்கிறது. டுவெய்ன் நிமிரவில்லை, திரும்பவில்லை. இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி, உள்ளங்கையை விரித்துக் காட்டினான். வலது கையால் இன்னும் ஒரு தட்டுத் தட்டினான்.

பின் கழன்று விழுந்த சத்தம் வெர்னனுக்குக் கேட்டது. சின்னச் சத்தம்தான். கார் முதலில் நகரவே இல்லை என்றுதான் தோன்றியது. அப்புறம் அந்தக் கல்லைச் சட்டை செய்யாமல் ஏறி இறங்கியது. ஆர்டித் இரண்டு கையையும் காரின் முதுகில் வைத்து அதைத் தள்ளப் பார்த்தாள். ஐயோ, அந்தக் கைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்! வெர்னன் மேட்டில் ஓடினான். எழுபத்து மூன்று வயதுக் கால்கள் எவ்வளவு ஓடுமோ அவ்வளவு ஓடினான். கார் அவளைக் கீழே தள்ளி, அவள்மேல் ஏறி, அவனை உரசிக்கொண்டு போய் அவன் பிக்கப்பில் மோதி நின்றது. அந்த முப்பது தப்படியை மிச்சம் வைக்காமல் பிக்கப்பை அவள் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தியிருந்தால், கார் நகர்ந்த இடத்திலேயே நின்றிருக்கும்.

வெர்னன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். ஆர்டித்துக்கு நினைவு இருந்தது. அவனைப் பார்த்து, இவன் எப்படி இங்கே என்று அவள் நெற்றி சுருங்கியது. "பாத்திரம் கொண்டுவந்தேன்" என்றான். "கழுவினியா?" என்று கேட்டாள். கழுவினேன் என்றான். டுவெய்ன் ஓடிவந்து அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பேர் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் அதற்கப்புறம் பேசவில்லை. மேலே வந்த லாரிக்காரன் ஒருவன் ரேடியோவில் சொல்லி, ஹெலிகாப்டர் வந்து இறங்குவதற்குள் ஐம்பது நிமிஷம் ஓடிவிட்டது. வந்தவர்கள் அவளைப் பரிசோதித்தார்கள். அவசரப்படாமல் எழுந்து நின்றார்கள். அதிலேயே இருவருக்கும் புரிந்துவிட்டது.

போலீஸ்காரர் அளவெடுத்துக்கொண்டிருந்தார். டுவெய்ன் தன் வண்டியின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் ரத்தம். வெர்னன் அவனுக்கு எதிரே நின்றான், உட்கார மனசில்லை.

"நான் ரெண்டு கிளிப்பும் போட்டேன்" என்றான் டுவெய்ன். யாரும் கேட்கவில்லை. "பதினஞ்சு வருஷமா போடறேன். எப்பவும் போடுவேன். அது உடைஞ்சிருக்கணும். என்ன இரும்பு செய்யறானுங்க இப்பல்லாம்." அப்புறம் அவனுக்கு ஏதோ தட்டுப்பட்டது. தலையைத் தூக்கினான்.

"நீ ஏன் வந்தே?"

வெர்னன் சட்டைப் பையில் கைவிட்டு, கிளிப்பை எடுத்து அவன் கையில் வைத்தான். டுவெய்ன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எங்க இருந்துச்சு?"

"மேசை மேல. அந்த நாய்க்குட்டிக்காரங்களத் திட்டப் போனப்ப வெச்சே."

டுவெய்னின் முகம் கோணியது. அழப்போகிறான் என்று நினைத்தான் வெர்னன். அழவில்லை. "நாங்க போனப்புறம் பாத்திருக்கே" என்றான் டுவெய்ன். "பாத்ததும் உடனே எடுத்துக்கிட்டு ஓடிவந்திருக்கே. நான் உன்னை அன்னிக்கு அவ்வளவு பேசியும் ஓடிவந்திருக்கே. இல்லையா, வெர்னன்?"

ஆமாம் என்று சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையில் வெர்னனுக்கும் விடுதலை, டுவெய்னுக்கும் ஒரு நண்பன். வெர்னன் கீழே பார்த்தான். பிக்கப்பின் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. அவளை மூடிவைத்திருந்தார்கள்.

"இல்ல" என்றான். "நீ அங்க வைக்கும்போதே பாத்தேன்."

"வைக்கும்போதேன்னா?"

"பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். பாத்தேன்."

டுவெய்ன் எழுந்து நின்றான். "பாத்துக்கிட்டா இருந்தே? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கு உனக்கு என்ன கேடு?"

"நீ கட்டிக்கிட்டு இருந்தே, டுவெய்ன்."

டுவெய்ன் இடது கையைத் தூக்கி உள்ளங்கையை விரித்தான். அந்தக் கையைக் கீழே இறக்காமல் அப்படியே நின்றான்.